வெண்ணிலாவுக்கு ஒரு பேனர்

வில்லியனூரில் இறங்கியதும் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் ஒரு பேனரில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, ஆள் உயரத்துக்கும் மேலே. யாருக்கோ பிறந்தநாள். பக்கத்தில் ஒரு காதுகுத்து, அதற்கடுத்து மஞ்சள் நீராட்டு, அதற்கும் அடுத்து ஒரு கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஈப்போவில் தேர்தல் வந்தால்தான் தெருவில் இத்தனை முகங்களைப் பார்க்கலாம். இங்கே ஒரு குழந்தைக்குக் காது குத்தினாலே போதும் போலிருக்கிறது.

என்னை அழைத்தவர் தனசேகரன். வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் நடத்துகிறார். நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஞாயிறு பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறவள். அவற்றில் சிலவற்றை இணையத்தில் படித்துவிட்டு, ‘எழுத்தால் சமூகத்தை மாற்றலாம்’ என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டார். தலைப்பிலேயே பதிலும் இருந்ததால் எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆட்டோவில் போகும்போது, அஞ்சலி பேனரில் இறந்தவர் யார் என்று தெரியாமல் கூட வந்த தனசேகரனிடமே கேட்டேன்.

“தோ, மேல மூலையில ரவுண்டா இருக்குது பாருங்க, அவருதான். கீழ பெருசு பெருசா இருக்கறவங்க எல்லாம் பேனர் வெச்சவங்கம்மா.”

“இதையெல்லாம் யாரும் கிழிக்க மாட்டாங்களா?”

“கல்யாணப் பேனரக் கிழிப்பாங்க, கட்சிப் பேனரக் கிழிப்பாங்க. செத்தவங்க பேனர்ல மட்டும் எவனும் கை வெக்க மாட்டான். அதுவா நைஞ்சி விழற வரைக்கும் நிக்கும்.”

ஒரு கட்டுரைக்கு உதவும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். இப்படித்தான் நான். யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் முதலில் என் கட்டுரை ஞாபகம்தான் வருகிறது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் புத்தகம் படிக்கிறவர்கள், பாதிப் பேர் தனசேகரனுக்கு வேண்டியவர்கள். நன்றாகத்தான் பேசினேன். கத்தி எடுக்காமல், கல்லெறியாமல், ஒரு வரி ஒரு ஊரையே திருப்பிப் போடும் என்றேன். கை தட்டினார்கள். பிறகு கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் கொடுத்தார்கள். சுண்டலில் தேங்காயும் மாங்காயும் தாராளம். என் பேச்சைவிட அது நன்றாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நடவு வேலைக்குப் போகிற கை, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

“நீங்க பேசுனது எல்லாம் நெசமா டீச்சர்?” என்றாள்.

மேடையிலிருந்து இறங்கியவளிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

“அப்ப எனக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. எம் பொண்ணு செத்து வர்ற வெள்ளிக்கிழமையோட ஒரு வருசம் ஆவுது. பேனர் வெக்கணும்.”

அவள் பெயர் அமுதா. சோரியாங்குப்பத்தை ஒட்டி, பெண்ணையாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. வாசகர் வட்டத்தில் இரவல் வாங்கும் பழைய பத்திரிகைகளைப் படிக்கிறவள். மறுநாள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். தனசேகரன் மட்டும் தயங்கினார். “அது கொஞ்சம் வில்லங்கமான விஷயம்மா” என்றார். என்ன வில்லங்கம் என்று அவர் சொல்லவில்லை, நானும் விடாமல் கேட்கவில்லை.

மறுநாள் பாகூர் பக்கம் போகிற பேருந்தில் ஏறினேன். பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. இந்தப் பக்கத்து எல்லைக்கோடு ஒரு தினுசானது. புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வருகிறது, நாலு வயல் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. கொம்யூன் பஞ்சாயத்து என்று பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த பலகை வந்தால் புதுச்சேரி. மதுக்கடைப் பலகைகள் நெருக்கமாக வந்தாலும் புதுச்சேரிதான். இப்படி எண்ணிக்கொண்டே வந்தவள் எப்படியோ தூங்கிப்போனேன்.

“இன்னாம்மா, தூங்கிட்டீங்களா? உங்க ஸ்டாப்பு பூட்ச்சே!” என்று நடத்துநர் எழுப்பினார். “இது தமிழ்நாடு. எதுத்தாப்ல ஒரு வண்டி வரும், ஏறி ரிட்டன் போங்க.”

எங்கள் ஊரில் தூங்கினால் அடுத்த நிறுத்தம், இங்கே தூங்கினால் அடுத்த மாநிலம். வெயிலில் புளியமரத்தடியில் நின்றேன். வந்த பேருந்து நிற்காமலே போய்விட்டது. கடைசியில் புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு சின்ன வண்டிக்காரர் இரக்கப்பட்டு முன்னால் உட்காரவைத்துக்கொண்டார். இறங்கும்போது என் சேலை முழுக்கப் புல்வாசம்.

அமுதா வீட்டில் சோறும் எறா தொக்கும் வைத்திருந்தாள். எறா என்றால் இறால். காரம் என் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவியதும், “வாங்க, காட்றேன்” என்று ஆற்றுக்குக் கூட்டிப்போனாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, பள்ளங்களில்தான் இருந்தது. மணல் அள்ளிய பள்ளங்கள், ஒன்றையடுத்து ஒன்றாக. கரையோரத்தில் முழங்கால் அளவு போலத் தெரியும், ஒரு எட்டு வைத்தால் அடி கிடையாது. பெரிய பள்ளத்தின் ஓரத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது.

“இங்கதான் தொவச்சிக்கினு இருந்தேன். அவ பாவாடைய அலசறேன்னு எறங்குனா. கால வெச்சா, அவ்ளோதான் டீச்சர். நான் திரும்பிப் பார்க்கறேன், பாவாட மட்டும் மெதக்குது.”

எட்டாம் வகுப்புப் படித்த பெண். பெயர் வெண்ணிலா.

எங்கள் ஈப்போவைச் சுற்றியும் ஈயம் தோண்டிவிட்டுப்போன குட்டைகள் உண்டு. என்னோடு படித்த ஒருத்தியின் தம்பி அதில்தான் போனான். அதற்குப் பிறகு வேலி போட்டு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் ‘அபாயம்’ என்று பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும்போது அந்த நான்கையும் உரக்கப் படித்துக்கொண்டே போவோம். இங்கே வேலியும் இல்லை, பலகையும் இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து பிள்ளைகள் டயர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அமுதா சத்தம் போட்டு விரட்டினாள். கொஞ்சதூரம் ஓடி, மறுபடியும் வந்து நின்றார்கள்.

மணல் எடுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். செங்கல் சூளை வைத்திருக்கிற ராஜவேலு. கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக நிற்பவர், ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் ஓடி வருபவர். அமுதாவின் கணவர் ஏழுமலை அவரிடம்தான் டிராக்டர் ஓட்டுகிறார். வெண்ணிலா இறந்தபோது சாவுச் செலவையெல்லாம் ராஜவேலுவே பார்த்துக்கொண்டார், பேனரும் அவரே வைத்தார். அந்தப் படத்தை அமுதா போனில் காட்டினாள். மூலையில் வட்டத்துக்குள் பெண்ணின் முகம், நடுவில் ராஜவேலு. ‘இறைவனடி சேர்ந்த எங்கள் அன்புச் செல்வம்’ என்று எழுதியிருந்தது. எப்படிச் சேர்ந்தாள் என்று இல்லை.

“பள்ளத்த மூடுங்கன்னு மனு குடுத்தேன், நேர்லயும் போய்க் கேட்டேன். மூடிடலாம்மா, மூடிடலாம்மான்னு அவுரும் சொல்லிக்கினே இருக்காரு” என்றாள் அமுதா. “அதான் பேனர்ல எழுதணும். நான் எழுதிப் பார்த்தேன் டீச்சர், திட்டற மாதிரியே வருது. திட்டுனா சண்டையாப் பூடும். சண்ட வந்தா எல்லாரும் பள்ளத்த வுட்டுட்டு சண்டையப் பத்தித்தான் பேசுவாங்க.”

சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தது ‘நதியின் மடியில் உறங்கும் நிலவே’ என்று ஒரு வரி. எனக்குப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

“அவ தூங்கல டீச்சர்” என்றாள் அமுதா.

அதை அடித்துவிட்டேன். பிறகு எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். பூ, விண்மீன், கண்ணீர் எல்லாம் போயின. ராஜவேலுவின் பெயரைப் போடுவதா என்று இருவரும் வெகுநேரம் பேசினோம். எனக்குப் போட ஆசைதான், அவள் வேண்டாம் என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்:

வெண்ணிலா.
ஆற்றில் மணல் எடுத்த பள்ளத்தில் மூழ்கி இறந்தாள்.
அந்தப் பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

வேலை முடிந்து வந்த ஏழுமலை அதை நின்றபடியே படித்தார். மெலிந்த மனிதர், சட்டையெல்லாம் செம்மண்.

“இன்னாடி பண்ற நீ? நாளைக்கு நான் எந்த மொகத்த வெச்சிக்கினு வண்டிய எடுக்கறது?”

“பொய்யா எழுதிக்குது?”

“பொய்னு நான் சொன்னனா? அவுரு இல்லன்னா அன்னிக்கி நமக்குப் பாட கட்டக் கூட நாதி இல்ல. அத்த மறந்துட்டியா?”

“மறக்கல. பள்ளத்தயும் மறக்கல.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்க ஊருக்குப் பூடுவீங்க டீச்சர். நாங்க இங்கியேதான கெடக்கணும்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இதற்காக என் ஊரில் யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வண்டி எடுக்கப் போகும்போது, “போட்டோ நல்லதா பார்த்துப் போடு. ஸ்கூல் யூனிபார்ம்ல இருக்கறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாக அமுதா சொன்னாள்.

பேனர் அடிக்கிற கடை பாகூரில். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர், மெழுகுவத்தி, ரோஜா, புறா என்று வரிசையாக எடுத்துக் காட்டினார். எதுவும் வேண்டாம் என்றோம். எழுதிவந்த வரிகளைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் மூன்றாவது வரியில் நின்றார்.

“இந்த மாதிரி யாரும் போட மாட்டாங்கக்கா” என்றார் அமுதாவிடம். “சரி, கீழ போட்டோ யாரு யாருது?”

“யாருதும் இல்ல.”

“இரங்கல் தெரிவிக்கறவங்க போட்டோ இல்லாம எப்பிடிக்கா? பாக்கறதுக்கு மொட்டையா இருக்குமே!”

மொட்டையாகவே இருக்கட்டும் என்றாள். நல்ல மனிதர், அடித்துக் கொடுத்தார். வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, மேலே சீருடையில் வெண்ணிலா. அந்த மூன்றாவது வரி மட்டும் அடிவிளிம்பை ஒட்டி, பட்டையாக. சுருட்டிக் கட்டும்போதுதான் கவனித்தேன். எல்லாப் பேனரிலும் ஓரத்தில் வருகிற கடைப் பெயரும் போன் நம்பரும் இதில் இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கும் புள்ளைங்க கீது” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கழி நட்டு பேனரைக் கட்டினோம். அமுதாவின் அண்ணன் வந்து உதவினார். ஏழுமலை சூளைக்குப் போய்விட்டார். அமுதா சாமந்திச் சரம் ஒன்றைப் படத்தின்மேல் போட்டாள்.

பேருந்துக்கு நின்றவர்கள் படித்தார்கள். மீன் கூடையோடு வந்த ஒரு பெண், எழுத்து தெரியாது போல, பக்கத்தில் இருந்தவரைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, கூடையை இறக்கிவைத்து, “இன்னும் மூடலியா அத்த?” என்றாள். எல்லோரும் ஆற்றுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் கிடைத்த கைதட்டலைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மனதுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிவாக்கில் ராஜவேலு மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆள் இல்லை. சாதுவான முகம், நெற்றியில் விபூதி. செருப்பைக் கழற்றிவிட்டு, பேனருக்கு முன்னால் நின்று கும்பிட்டார். மெதுவாகப் படித்தார்.

“போட்டோ நல்லா வந்துக்குது” என்றார் அமுதாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “வெளிநாட்ல இருந்து வந்துருக்கீங்கன்னு சொன்னாங்க. மதியம் நம்ம வூட்ல சாப்டுட்டுப் போங்க. இந்தக் கொயந்த எனக்கும் பொண்ணு மாதிரிதான். நானும் ஒரு பேனர் சொல்லி வெச்சிருக்கேன், வந்துடும்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அமுதா வீட்டுக்கு நடந்தாள். நானும் அவள் பின்னாலேயே போனேன்.

சாயங்காலம் வில்லியனூருக்குத் திரும்ப மறுபடியும் அந்த நிறுத்தத்துக்கு வந்தோம். வெண்ணிலாவைக் காணவில்லை. அந்த இடத்தில் ராஜவேலு நின்றிருந்தார். எங்கள் பேனரைப் போல இரண்டு மடங்கு அகலம், மெழுகுவத்தி, ரோஜா, புறா எல்லாம் உண்டு. ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மீளாத் துயரில்…’ மூலையில் வட்டத்துக்குள் வெண்ணிலா, நடுவில் கூப்பிய கையோடு அவர்.

எங்கள் பேனரை யாரும் கிழிக்கவில்லை. தனசேகரன் சொன்னது சரிதான், செத்தவர்கள் பேனரில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதற்கு முன்னால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கட்டியது ஏழுமலை. ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டுகிறவரிடம்தானே சொல்வார்கள், போய்க் கட்டிட்டு வா என்று. பெற்ற பெண்ணின் பேனரை மறைத்து இன்னொன்றைக் கட்டுகிற வேலையை, இந்த உலகத்தில் வேறு யாருக்காவது கொடுத்திருக்கக்கூடாதா? அமுதாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அவள் பேனரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். பெரிய பேனர் கழியின் உச்சியில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தது. அதனால் கீழே ஒரு முழம் போல மறையாமல் விட்டுப்போயிருந்தது. ராஜவேலுவின் கூப்பிய கைக்கு நேர் கீழே, பின்னால் இருந்த எங்கள் பேனரிலிருந்து ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது. அவரே எழுதியதுபோல.

அந்தப் பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

ஏழுமலை எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஏணியை மடக்கினார். “கயிறு பத்தல டீச்சர்” என்றார். “இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டலாம்னுதான் பார்த்தேன். பத்தல.”

அவர் தோளில் ஒரு சுருள் கயிறு மீதி கிடந்தது.

அமுதா போய் ஏணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போனார்கள். என் பேருந்து வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் நான் தூங்கவில்லை.

ஈப்போ திரும்பியபின் இதை எழுதலாமா வேண்டாமா என்று நாள் கடத்தினேன். புதுச்சேரியில் மழைக்காலம் தொடங்கிய செய்தியைப் பார்த்துவிட்டு அமுதாவுக்குப் போன் செய்தேன். ராஜவேலு தன் பேனரை நான் கிளம்பிய மூன்றாம் நாளே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாராம். ஊரில் கொஞ்சம் சிரித்துவிட்டார்களாம். ஏழுமலைக்கு இப்போது டிராக்டர் இல்லை, கரும்பு வெட்டப் போகிறார். எங்கள் பேனர் வெளுத்துப்போய், ஆனால் நிற்கிறது. பிள்ளைகள் இப்போதெல்லாம் ஆற்றுப் பக்கம் போனால் அம்மாக்கள் அந்தக் கடைசி வரியைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்களாம்.

“பள்ளம்?” என்றேன்.

“அப்படியேதான் கீது டீச்சர். மழையில ரொம்பிடுச்சி.”

அவள் வீட்டுத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அமுதா கேட்டாள்.

“ஏன் டீச்சர், அடுத்த வருசமும் இதே வரியத்தான் போடணுமா?”

மாற்றி எழுத வேண்டியிருக்கும் அமுதா, கவலைப்படாதே என்று சொல்லியிருக்கலாம். மேடையாக இருந்தால் சொல்லியிருப்பேன்.